நின்ற பின்னர் காணும் இரத்தம்

எமது பிரதேசத்தில் பெண்களின் சுகாதாரம் என்று பேசத் தொடங்கினால் அது பெரும்பாலும் கர்ப்பிணித் தாய்மாரோடும் கைக்குழந்தைகளோடும் முடிந்துவிடுகின்றது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவது வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்ப்பதற்கு. கிளினிக் அட்டை, நிறை பார்த்தல், தடுப்பூசி, திரிபோஷா எல்லாம் அந்த வயதுக்குரியவை. கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த அட்டை பெட்டிக்குள் போய்விடும். அதன் பின்னரும் ஒரு பெண் முப்பது நாற்பது வருடங்கள் வாழ்கின்றாள். அந்த வருடங்களில் அவளது கருப்பை எப்படி இருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் வடக்கு எல்லையில் இருக்கும் பெரியநீலாவணையிலும், அதற்கு அடுத்த மருதமுனையிலும் பெண்கள் குழுக்களோடு வேலை செய்து வருகின்றேன். இங்கே தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே பாதையில் பஸ் ஏறுகிறார்கள், ஒரே கடலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள். 1990 வன்செயலில் கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்தவர்கள் இரு பக்கமும் உண்டு. இவர்களில் பலர் இன்று ஐம்பத்தைந்து, அறுபது வயதைத் தாண்டியவர்கள். கூட்டத்தில் கடன் தவணை பற்றி, முழங்கால் வலி பற்றி, சீனி வருத்தம் பற்றி உரத்துப் பேசுவார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு போன பிறகு யாராவது ஒருவர் பாயைச் சுருட்டுவது போல நின்று கொண்டிருப்பார். "மிஸ், ஒரு விசயம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதங்க. நின்டு ஒம்பது வரிசம். இப்ப ரெண்டு தரம் பட்டிருக்கு."

அந்த இரண்டு தரத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு மாதம் என்ற கணக்கு

மாதவிடாய் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்கள் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழும். அதற்குப் பின்னர் காணும் எந்த இரத்தமும், அது துணியில் ஒரு சொட்டாக இருந்தாலும், மண்ணிறக் கசிவாக இருந்தாலும், இளஞ்சிவப்பு நீராக இருந்தாலும், ஒரேயொரு நாள் வந்து நின்றுவிட்டாலும், காரணம் கண்டறியப்பட வேண்டிய இரத்தம்தான். அளவு முக்கியமல்ல. "கொஞ்சம்தானே" என்பது இவ்விடயத்தில் செல்லாது.

கணக்குச் சொல்வது எங்கள் பெண்களுக்கு இலகுவான காரியமல்ல. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எரிந்தவர்களும் அலையில் போனவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு வயது கேட்கும் முறை வேறு. "சூறாவளிக்குள்ள நீங்க பெரியபிள்ளையாகிட்டீங்களா?" என்று கேட்பேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை இந்தக் கரையில் மறந்தவர் இல்லை. அந்த வருடம் பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானவர் என்றால் 1965இல் பிறந்தவர், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். இப்படியே "கடைசியாகக் குளிச்சது சுனாமிக்கு முதலா பிறகா, யுத்தம் முடிஞ்ச 2009க்கு முதலா பிறகா" என்று கேட்டுக்கொண்டு வந்தால் ஓரளவு சரியான கணக்குக் கிடைத்துவிடும். வைத்தியரிடம் போகுமுன் இதை வீட்டிலேயே செய்து, ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அங்கே கேட்கப்படும் முதற் கேள்வி அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த காலத்தில் பசியாலும் பயத்தாலும் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுபோன பெண்களைக் கண்டிருக்கிறேன். சிலருக்கு அது பின்னர் திரும்பி வந்தது. டெப்போ ஊசி போட்டவர்களுக்கும் மாதக்கணக்கில் வராமல் இருக்கும், ஊசியை விட்ட பின்னர் மெல்ல மெல்லத்தான் திரும்பும். நாற்பது வயதுப் பெண்ணுக்கு இப்படித் திரும்பி வருவதும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குப் பல வருடங்களின் பின் வருவதும் ஒன்றல்ல. இரண்டையும் வைத்தியர் பார்க்கலாம், ஆனால் இரண்டாவதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள்?

சுகாதாரக் கருத்தரங்குகளில் இதற்கு எப்போதும் ஒரே விடை சொல்லப்படுகிறது: விழிப்புணர்வு இல்லை. நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன். பாய் சுருட்டுவது போல நின்ற பெண்கள் எவரும் அது சாதாரண விடயம் என்று நினைக்கவில்லை. பயந்துபோய்த்தான் நின்றார்கள். அவர்களைத் தடுத்தது வேறு.

விதவைப் பெண்ணுக்கு இரத்தம் பட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "புருசன் இல்லாதவளுக்கு எங்கால வந்த வருத்தம்?" என்று ஒருத்தி கேட்டுவிட்டால் போதும். அதிலும் வைத்தியசாலையில் 'டி.என்.சி.' செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால், கருப்பையின் உட்படலத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு எடுக்கும் அந்தச் சிறிய சத்திரசிகிச்சையை ஊரில் 'கழுவுறது' என்றுதான் சொல்வார்கள். கருச்சிதைவுக்கும் அதே சொல். அறுபது வயதுப் பெண்ணைப் பற்றியும் அப்படிப் பேசுவார்களா என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்கலாம். பேசுவார்கள். மருமகளுக்கு முன்னால் அந்தச் சொல் வந்துவிடும் என்ற பயத்தில் எட்டு மாதம் பழைய சாரத்தைக் கிழித்து வைத்து, இரவில் கழுவிக் காயப்போட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும்.

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. வைத்தியசாலைத் துண்டில் 'விவாகமானவரா, விதவையா' என்று கேட்கும்போதே அவள் தடுமாறுகிறாள். முப்பது வருடமாகப் பொட்டைக் கழற்றாமல் இருக்கும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "விதவை எண்டு எழுதினா நானே அவரைக் கொண்டுபோட்ட மாதிரி. விவாகம் எண்டு எழுதினா புருசன் எங்க எண்டு கேட்பாங்க." நோயைக் கண்டுபிடிப்பதற்கு வைத்தியருக்குத் தேவையானது பிள்ளைகள் எத்தனை, கடைசி மாதவிடாய் எப்போது, என்ன மருந்து குடிக்கிறீர்கள், உறவின் பின் இரத்தம் வந்ததா என்பவைதான். "அவர் இல்லை, தனியத்தான் இருக்கிறன்" என்று சொன்னால் போதும். ஏன் இல்லை என்று விளக்க வேண்டியதில்லை.

முஸ்லிம் சகோதரிகளுக்கு இதில் மார்க்கக் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ஹைளு திரும்பி வந்துவிட்டதென்று நினைத்துத் தொழுகையை விடுவதா, அல்லது இது இஸ்திஹாளா எனப்படும் நோய் இரத்தமா என்ற குழப்பம். மௌலவியிடம் கேட்கவும் வெட்கம், ஆகவே வீட்டில் மௌனமாகவே இருந்துவிடுகிறார்கள். நபியவர்களின் காலத்தில் பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்ற பெண்மணி தனக்கு நிற்காமல் இரத்தம் போவதைப் பற்றி அவர்களிடமே நேராகச் சென்று விளக்கம் கேட்டதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தொழுகை பற்றிய விளக்கத்தை அறிஞரிடம் கேளுங்கள். ஆனால் அந்த விடை கிடைக்கும் வரை வைத்தியரிடம் போவதைத் தள்ளிவைக்க வேண்டாம். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும் பெண்ணும் சிகிச்சைக்காக வெளியே செல்லலாம் என்பது உலமாக்கள் சொல்லும் விடயம்தான், வீட்டிலுள்ளவர்கள்தான் அதை மறந்துவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், பேசப்படாத இன்னொன்று இருக்கிறது. யுத்த காலத்தில் உடலுக்கு நேர்ந்த கொடுமையைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, கட்டிலில் படுத்துக் காலை அகற்றுங்கள் என்று ஒருவர் சொல்வதே பழையதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அவர்கள் கிளினிக்குக்கு வராமல் இருப்பதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைக் கீழே சொல்கிறேன்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இது புற்றுநோயல்ல. பல நாடுகளில் நடந்த 129 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்ட பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் இருந்தது. மற்றத் தொண்ணூற்றொரு பேருக்கு அது இல்லை. ஆனால் அதே பகுப்பாய்வு இன்னொன்றையும் சொல்கிறது: அந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தம் கண்டிருந்தது. அதாவது அந்த நோய் பெரும்பாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறது. ஆரம்பத்திலேயே பிடிபட்டால் பெரும்பாலும் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையோடு குணப்படுத்திவிடலாம்.

அதிகம் காணப்படும் காரணம் மிகச் சாதாரணமானது. மாதவிடாய் நின்ற பின் உடலில் ஈஸ்திரோஜன் என்ற ஓமோன் குறைந்துவிடுவதால் யோனியின் தோலும் கருப்பையின் உட்படலமும் மெலிந்து வரண்டு, சிறு உரசலுக்கும் கசியும். நான் கூட்டிக்கொண்டு போன மருதமுனைப் பெண் ஒருவருக்கு, தறியில் மணிக்கணக்காக இருந்து நெய்தவர், இதுதான் காரணமாக இருந்தது. பூசுகின்ற மருந்தோடு சரியாகிவிட்டது. ஆறு மாதம் நித்திரை கொள்ளாமல் இருந்தவர் அவர்.

கருப்பைக்குள் அல்லது கருப்பைக் கழுத்தில் சிறு காம்பில் தொங்குவது போல வளரும் சதை வளர்ச்சி இன்னொரு காரணம். பொலிப் என்பார்கள், அகற்றிவிடலாம். உட்படலம் தேவைக்கு மேல் தடித்து வளர்வது வேறொன்று. அதில் சிலவகை கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறக்கூடியது. உடற்பருமன் உள்ளவர்கள், சீனி வருத்தக்காரர்கள், பிள்ளை பெறாதவர்கள், பிந்தி மாதவிடாய் நின்றவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடலில் இருக்கும் கொழுப்பும் ஈஸ்திரோஜனை உண்டாக்குகிறது என்பதுதான் பருமனுக்கான விளக்கம். மார்புப் புற்றுநோய்க்காகத் தமொக்சிபென் குளிசை குடிப்பவர்களுக்கும் கருப்பை உட்படலம் தடிக்கலாம். அதற்காகக் குளிசையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இருதயத்துக்கோ பாரிசவாதத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் அப்படியே. "மருந்தால வாறது" என்று தாங்களே முடிவு செய்துகொண்டு இருந்துவிடக் கூடாது, மருந்து வேறொரு நோயை வெளிக்காட்டியதாகவும் இருக்கலாம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் இரத்தமாகவே வெளிப்படும், குறிப்பாக உறவின் பின்னர், அல்லது நாற்றமுள்ள நீரோடு. இதை உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வைரஸ். எமது நாட்டில் 2017 முதல் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடப்படும் ஊசி இதற்கெதிரானதுதான். பேரப்பிள்ளைக்கு ஊசி போட வேண்டாம் என்று கடதாசி கொடுத்தனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டு மூத்தம்மாமார் இதை வாசித்தால் நல்லது.

எங்கள் பக்கத்தில் அதிகம் கண்டும் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் இருக்கிறது: வளையம். பல பிள்ளைகளைப் பெற்று, முகாம்களில் தண்ணீர்க் குடம் சுமந்து, பிரசவத்தின் பின் ஓய்வே இல்லாமல் வேலை செய்த பெண்களுக்குக் கருப்பை இறங்கிவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் வைப்பார்கள். அதைச் சில மாதங்களுக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, சுத்தம் செய்து, தேவையானால் மாற்ற வேண்டும். சுனாமிக்கு முதல் வருடம் வளையம் வைத்த ஓர் அம்மாவின் கிளினிக் அட்டை அலையோடு போனது. அலைக்குப் பிறகு அவர் முகாமிலிருந்து கொட்டிலுக்கு, கொட்டிலிலிருந்து வீட்டுத்திட்டத்துக்கு என்று மாறிக்கொண்டிருந்தார், மகளைப் புதைத்தவருக்கு வளையம் எங்கே நினைவிருக்கும்? பல வருடங்களின் பின் நாற்றமும் இரத்தமும் வந்தபோது தனக்குப் புற்றுநோய் என்று முடிவு செய்து, இருந்த இரண்டு காப்பையும் பேத்தியின் பெயரில் எழுதச் சொன்னார். உள்ளே வளையம் தசையோடு அழுந்திப் புண்ணாகியிருந்தது. எடுத்து, புண்ணுக்கு மருந்து கொடுத்து, பயப்பட வேறெதுவும் இல்லை என்று பரிசோதித்து அனுப்பினார்கள். உங்கள் தாய்க்கோ மாமிக்கோ வளையம் வைத்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சிலவேளை இரத்தம் கருப்பையிலிருந்தே வந்திருக்காது. மூலவியாதியிலிருந்தோ சிறுநீரிலிருந்தோ வந்திருக்கும். துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சுத்தமான துணியை வைத்துக்கொண்டு, சிறுநீர் கழித்த பின்னும் மலம் கழித்த பின்னும் தனித்தனியே துடைத்துப் பார்த்து வைத்தால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும். ஆனால் அவையும் காட்ட வேண்டியவைதான்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்?

1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நடக்கும் சுவநாரி கிளினிக்கை, சுகவனிதையர் கிளினிக் என்றும் சொல்வார்கள், பலர் அறிவீர்கள். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பார்க்கிறார்கள். 35, 45 வயதுப் பெண்களையே முக்கியமாக அழைப்பதால் அறுபது வயதினர் அது தமக்கில்லை என்று நினைக்கிறார்கள். போகலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கு எடுக்கும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்தைப் பார்ப்பது. அது நல்லதாக வந்தாலும் கருப்பைக்குள் நோயில்லை என்று ஆகாது. "பாப் ரெஸ்ட் கிளியர்" என்ற துண்டை வைத்துக்கொண்டு ஒரு வருடம் இரத்தத்தோடு இருந்த பெண்ணை எனக்குத் தெரியும். இரத்தம் காண்பவர் பெண்நோயியல் நிபுணரிடம், எங்கள் வழக்கில் வி.ஓ.ஜி. டொக்டரிடம், போயாக வேண்டும். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் எங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான், காசும் இல்லை.

அங்கே முதலில் கேள்விகள், பின்னர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தல், அதன் பின்னர் ஸ்பெகுலம் என்ற, கொக்குச் சொண்டு போன்ற கருவியால் உள்ளே பார்த்தல். அடுத்தது ஸ்கேன். யோனி வழியாக ஒரு மெல்லிய கோலை வைத்து எடுக்கும் ஸ்கேன்தான் உட்படலத்தின் தடிப்பைச் சரியாகக் காட்டும். அது 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோய் இருப்பதற்கான சாத்தியம் நூற்றில் ஒன்றிலும் குறைவு. அதற்கு மேல் தடித்திருந்தால், அல்லது மெல்லியதாக இருந்தும் இரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், உட்படலத்திலிருந்து சிறிது எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதை மெல்லிய குழாயொன்றால் கிளினிக்கிலேயே எடுப்பதும் உண்டு, சில நிமிடங்கள் மாதவிடாய் வலி போல இழுக்கும். சிலருக்குக் கமராக் குழாயால் உள்ளே பார்த்து எடுப்பார்கள், சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து 'டி.என்.சி.' செய்வார்கள். எதைச் செய்தாலும் அது நோய் இன்னதென்று அறிவதற்கான வழி. ஊரார் கேட்டால் "கருப்பையில சதை எடுத்துப் பார்த்தவை" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

பரிசோதனைக் கட்டிலுக்குப் பயப்படும் சகோதரிகளுக்கு: பெண் வைத்தியர் இருந்தால் அவரே பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆண் வைத்தியர் பார்க்கும்போது தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும், உங்களோடு வந்த அக்காவோ மகளோ நிற்கலாமா என்றும் கேட்கலாம். தேவைக்கு மேல் திறக்காமல் சீலையால் மூடிக்கொண்டிருக்கலாம். "நிப்பாட்டுங்க" என்று எந்த நேரத்திலும் சொல்லலாம், இன்று முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்றும் சொல்லலாம். "எனக்கு யுத்த நேரத்தில ஒரு கொடுமை நடந்தது, பயமாக இருக்கு" என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. அதையும் சொல்ல முடியாவிட்டால், உடன்வரும் ஒருவர் முன்கூட்டியே தாதியிடம் சொல்லி வைக்கலாம். நாங்கள் அப்படிச் செய்து வருகின்றோம்.

இன்னொரு இடத்தில்தான் எங்கள் பெண்கள் அதிகம் நழுவிப் போகிறார்கள். சதை எடுத்த அன்று துணிவாகப் போய் வந்துவிடுவார்கள். முடிவு வருவதற்கு வாரங்கள் ஆகும். அதற்குள் இரத்தம் நின்றிருக்கும், பேத்திக்குக் கலியாணம் வந்திருக்கும், அறுவடை வந்திருக்கும். "நின்டுட்டுதானே" என்று முடிவை எடுக்கப் போகமாட்டார்கள். இரத்தம் நின்றது நோய் போனதற்கு அடையாளமல்ல. தடிப்பு, புற்றுநோய் என்று முடிவு வந்திருந்தால் அடுத்த கட்டம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு அல்லது மகரகம என்று அவர்களே எழுதித் தருவார்கள், அந்த வழிக்குத் துணையும் பஸ் காசும் வேண்டுமென்றால் சங்கத்தில் கேட்கலாம். ஆனால் முடிவு எவர் வீட்டுக்கும் தானாக நடந்து வராது.

எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்று ஒரு பை இருக்கிறது. அடையாள அட்டை, காணி உறுதி, மரண அத்தாட்சி, காணாமல்போனவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டுத் துண்டு எல்லாம் அதற்குள் பொலித்தீனில் சுற்றி இருக்கும். பரிசோதனைக்குக் கொடுத்த துண்டையும், முடிவு எடுக்கவேண்டிய திகதியை எழுதி, அதற்குள்ளேயே வையுங்கள். திகதியை மகளிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ராத்தாவிடமோ ஒருக்காச் சொல்லியும் வையுங்கள்.